60 வயசு தாண்டினா டிரைவிங் லைசென்ஸ் கிடைக்காதா? சட்டம் சொல்வது என்ன?

ஊத்துக்குளியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிய பிறகு, பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது, ரேஷன் வாங்குவது என்று பாதி வேலை வீட்டுப் பெரியவரின் மொபெட்டில்தான் ஓடுகிறது. லைசென்ஸ் முடியும் நேரத்தில் மட்டும் ஒரு பேச்சு கிளம்பும்: "அப்பாருக்கு வயசாயிருச்சு, இனி லைசென்ஸ் தரமாட்டாங்க." இது உண்மையா?

வயது உச்சவரம்பு உண்டா?

இல்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் குறைந்தபட்ச வயதைச் சொல்கிறது. இத்தனை வயதுக்கு மேல் சொந்த வண்டி ஓட்டக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. 80 வயதிலும் உடல் தகுதி இருந்தால் லைசென்ஸைப் புதுப்பிக்கலாம். சில கம்பெனிகள் டிரைவர் வேலைக்கு வைக்கும் வயது வரம்பு அவர்களே வைப்பது. சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்போ வயதுக்கு ஏற்ப என்ன மாறுகிறது?

லைசென்ஸ் செல்லும் காலம் மாறுகிறது. 2019 திருத்தத்தின்படி, சொந்த வாகனங்களுக்கு:

• 30 வயதுக்குள் எடுத்தால்: 40 வயது வரை
• 30 முதல் 50-க்குள்: 10 ஆண்டுகள்
• 50 முதல் 55-க்குள்: 60 வயது வரை
• 55-க்கு மேல்: 5 ஆண்டுகள்

கூடவே, 40 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1A என்ற மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பு, பச்சை நிறம் தெரிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா, காது கேட்கிறதா என்பதை டாக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இது வயதுப் பாகுபாடா?

அரசியலமைப்பின் 15-வது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. 14-வது பிரிவு சமத்துவம் பேசினாலும், நியாயமான காரணம் இருந்தால் வகைப்படுத்துவதை அனுமதிக்கிறது. வயதாக ஆக கண்புரை, காது மந்தம் வருவது சகஜம் என்பதால், அடிக்கடி பரிசோதனை கேட்பது அந்த வகையில் வரும்.

சிக்கல் பரிசோதனை நடக்கும் விதத்தில் இருக்கிறது. ஆளைச் சரியாகப் பார்க்காமலே சான்றிதழில் கையெழுத்து விழுந்தால், கண்புரை முற்றிய 58 வயதுக்காரருக்கும் 5 ஆண்டு லைசென்ஸ் கிடைத்துவிடும். ஞாபகசக்தியையும் சட்டென்று பிரேக் பிடிக்கும் வேகத்தையும் அளக்க 1A படிவத்தில் தனிச் சோதனை கிடையாது. பரிசோதனை மீது நம்பிக்கை இல்லாதபோது, நல்லா ஓட்டுகிற 72 வயதுக்காரரையும் வீட்டில் வயதை வைத்தே தடுக்கிறார்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

ஜப்பானில் 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் புதுப்பிக்கும்போது ஞாபகசக்தி உள்ளிட்ட மூளைத்திறன் சோதனை எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 75-லிருந்து ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை. பிரிட்டன் நேர் எதிர். 70 வயதிலிருந்து 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஆனால் உடல்நிலை பற்றி அவரே உறுதி சொன்னால் போதும்.

லைசென்ஸ் முடிந்துவிட்டால்?

முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும். 2019 திருத்தம் அதை எடுத்துவிட்டது. முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு தாண்டினால், எந்த வயதாக இருந்தாலும் திரும்பவும் '8' போட்டுக் காட்ட வேண்டும்.

காலாவதியான லைசென்ஸோடு ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். அதைவிடப் பெரிய அடி விபத்தில் விழும். பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தை வண்டி உரிமையாளரிடமே வசூலிக்க கோர்ட் அனுமதிக்கலாம். உரிமையாளரே ஓட்டிப் போய் இறந்தாலும், 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு குடும்பத்துக்குக் கிடைக்காமல் போகலாம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுத்தால்?

"வயசாயிருச்சு" என்ற வாய்வார்த்தை செல்லாது. நோய் அல்லது குறைபாட்டால் ஓட்டத் தகுதியில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், 16-வது பிரிவின் கீழ் லைசென்ஸை ரத்து செய்யலாம், அல்லது மருத்துவச் சான்றிதழ் கேட்கலாம். மறுத்தாலும் ரத்து செய்தாலும் 17-வது பிரிவின்படி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சாவியை ஒளித்து வைப்பதற்கு முன் கண் டாக்டரிடம் கூட்டிப் போகலாம். கண்புரை என்றால் ஆபரேஷனில் சரியாகிவிட வாய்ப்பு அதிகம். இரவில் மட்டும் தடுமாற்றம் என்றால் பகலோடு நிறுத்திக்கொள்ளலாம். பழகிய வழியே மறக்கிறது, வண்டியில் அடிக்கடி புதுக் கீறல் விழுகிறது என்றால், 60 வயதாக இருந்தாலும் வண்டியை நிறுத்த வேண்டிய நேரம் அது.

படிவம் 1A-வில் டாக்டர் உண்மையிலேயே சோதித்துக் கையெழுத்துப் போட்டால், ஓட்டக்கூடியவர் யார், கூடாதவர் யார் என்று வயதை வைத்து யாரும் யூகிக்க வேண்டியதில்லை.