படகு மிதக்கிறது, கரை தாங்குமா?



சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு சாலையைப் பிடித்து வடக்கே செல்வோர்க்கு எதிரே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. அதன் அடிவாரத்தில், கன்னங்குறிச்சியை ஒட்டிக் கிடப்பது மூக்கனேரி. மலையிலே பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி வந்து இந்த ஏரியிலே தங்குகிறது. குப்பையும் முட்புதரும் மண்டிக் கிடந்த இதனை, 2010ஆம் ஆண்டிலே தன்னார்வக் குழுவினர் தூர் வாரி, நடுவே மண் திட்டுகள் அமைத்து மரம் வளர்த்தனர். பறவைகள் வந்தன, பறவைகளைக் காண மக்களும் வந்தனர்.

வரட்டும்! தறிக்குழியிலே நாளெல்லாம் கால் மிதிக்கும் நெசவாளிக்கும், கொலுசுப் பட்டறையிலே கண் எரிய ஊதும் தொழிலாளிக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையிலே ஏரிக்காற்று கிடைக்க வேண்டாமா? மலைமேல் மாளிகை கட்டியவர்க்கு மட்டுந்தானா இளைப்பாறும் உரிமை? ஏரிக்கரையிலே நடைபாதை வேண்டும், பூங்கா வேண்டும், படகும் வேண்டும் என்று மக்கள் கேட்டால் அதனை ஆடம்பரம் என்று நாம் ஒதுக்க மாட்டோம்.

ஆனால், படகு விடுவதற்கு முன்னே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் படகைத் தாங்கும் நீரைத் தாங்கி நிற்கும் கரையைத் தாங்குவது யார்?

அணை என்றதும் மேட்டூரைத்தான் நினைக்கிறோம். 1934இல் கட்டி முடித்த அந்த அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் அளக்கிறார்கள். ஏடுகள் அதனை நாள்தோறும் வெளியிடுகின்றன. ஊர் ஏரியின் கரையும் ஓர் அணைதான். கல் அணை அன்று, மண் அணை. தமிழகத்தில் இத்தகைய ஏரிகள் 39,000க்கும் மேல். அவற்றின் நீர்மட்டத்தை எந்த ஏடு வெளியிடுகிறது? அவற்றின் கரையை யார் நாள்தோறும் நடந்து பார்க்கிறார்கள்?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளைப் பார்க்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றைச் சில நிபந்தனைகளோடு பார்க்கிறது. அதற்குக் கீழே அதன் பார்வை செல்வதில்லை. ஊர் ஏரிகளிலே பெரும்பாலானவை அந்த அளவுகோலுக்குள் வருவதே இல்லை. உயரத்தை அளந்தது சட்டம். கரையின் கீழே குடியிருப்போரின் தலைகளை எண்ணவில்லை!

மண் கரை எப்படி உடைகிறது? அதனை அறியப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஒன்று, கலிங்கு போதாமலோ அடைபட்டோ நீர் கரைமேல் ஏறி வழியும். வழியும் நீர் பின்புறச் சரிவை அரித்து, சில மணி நேரத்தில் கரையையே கொண்டு போகும். இரண்டு, உள்ளிருந்து கசியும். கசிவு தெளிந்த நீராக இருக்கும்வரை அது எச்சரிக்கை. கலங்கிவந்தால் கரையின் மண்ணே கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். எலி வளையும், பட்டுப்போன மரத்தின் மட்கிய வேரும், மதகை ஒட்டிய விரிசலும் நீருக்கு வழி சொல்லிக் கொடுக்கும்.

ஏரி பொழுதுபோக்கிடமாக மாறும்போது இந்த ஆபத்து ஏன் வளர்கிறது என்பதைக் கவனியுங்கள். பாசனத்துக்கான ஏரி நிறையும், குறையும்; கோடையில் காய்ந்து கரையின் அடியைக் காட்டும். படகு விடும் ஏரி எந்நாளும் நிறைந்திருக்க வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. கலிங்கின்மேல் மணல் மூட்டை ஏறுகிறது. கரைமேல் பதிக்கும் கல் விரிசலை மறைக்கிறது. கரைக்குக் கீழே, நேற்றுவரை வயலாக இருந்த இடத்திலே, ‘ஏரிக்காட்சி’ என்று விளம்பரம் செய்து மனை பிரிக்கிறார்கள். உபரி நீர் செல்லும் போக்குக்கால்வாய் தெருவாகிவிடுகிறது. நீரின் பாரம் மேலே கூடுகிறது. உயிர்களின் எண்ணிக்கை கீழே கூடுகிறது!

கற்பனை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஜான்ஸ்டவுன் என்னும் உருக்காலை நகருக்கு மேலே, சவுத் ஃபோர்க் என்றொரு மண் அணை இருந்தது. கால்வாய்க்காகக் கட்டிய அந்த அணையைப் பின்னாளில் கோடீசுவரர்களின் மீன்பிடி சங்கம் ஒன்று வாங்கியது. கார்னெகி, ஃபிரிக் போன்ற பெருமுதலாளிகள் அதன் உறுப்பினர்கள். குதிரை வண்டிகள் எதிரெதிரே செல்லக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். வளர்த்த மீன் தப்பிவிடக் கூடாதென்று கலிங்கிலே கம்பித் தடுப்பு வைத்தார்கள். அடிமதகின் குழாய்கள் முன்பே பெயர்த்து விற்கப்பட்டிருந்தன. அவற்றை மீண்டும் பொருத்தவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையிலே கரை உடைந்தது. மாண்டோர் 2,209 பேர். எந்த நீதிமன்றமும் அந்தச் சங்கத்தைப் பொறுப்பாளியாக்கவில்லை. மேலே படகில் உல்லாசம், கீழே பாட்டாளியின் பிணம்! இதனைவிடத் தெளிவான வர்க்கப் பாடம் வேறு வேண்டுமா?

நம் நாட்டுக்கு வருவோம். மராட்டியத்தின் இரத்தினகிரி மாவட்டத்திலே திவாரே என்ற சிற்றணை, 2019 ஜூலை 2 இரவு உடைந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் அடித்துச் செல்லப்பட்டனர். கசிவைப் பற்றி முன்பே முறையிட்டோம் என்று ஊரார் கதறினர். அந்நாள் அமைச்சர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? நண்டுகள்! நண்டு வளை தோண்டும், அது அதன் இயல்பு. வளையைக் கண்டு அடைக்க ஆளை அனுப்புவது ஆட்சியின் கடமை. ஆட்சி கடமையை மறந்தது. பழி நண்டின்மேல் விழுந்தது.

தமிழகத்தில் 2023 டிசம்பரிலே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்தன. மறு ஆண்டு டிசம்பரில் கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர்; ஏரி நிரம்பிப் பாய்ந்த வெள்ளம் நிறுத்தியிருந்த வண்டிகளை உருட்டிச் சென்றது. நம் பாட்டனார் கட்டிய கலிங்கு இத்தகைய மழைக்குக் கணக்குப் பார்த்துக் கட்டியதன்று. மலையடிவார ஏரிக்கு மற்றொரு நெருக்கடியும் உண்டு. மலையிலே பெய்த மழை அடிவாரம் வந்து சேரப் பல நாள் ஆவதில்லை. எச்சரிக்கக் கிடைக்கும் நேரமோ குறைவு.

பிறகு பொறுப்பு யாருடையது? இங்கேதான் சிக்கல். நூறு ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள ஏரி அரசுத் துறைக்கு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. மீனுக்கு ஒரு குத்தகைதாரர், படகுக்கு ஒரு ஒப்பந்தக்காரர், பூங்காவுக்கு ஓர் உள்ளாட்சி. வருமானத்துக்கு உரியவர் பலர். வெள்ளத்துக்கு உரியவர் ஒருவருமில்லை!

‘அக்காலத்தில் உத்திரமேரூரிலே ஏரி வாரியம் இருந்ததே’ என்று பெருமை பேசுவோர் உண்டு. இருந்தது, பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டே சான்று. ஏரிக்கென்று தனிப் பொறுப்பாளரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்த அந்த முறையைப் போற்றுவோம். ஆயின் அதிலே இடம் யாருக்கு? நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கு. மண் சுமந்தவனுக்கு அங்கே இடமில்லை. நாம் கேட்பது மண் சுமந்தவனின் பேரன் கேள்வி கேட்கும் வாரியம்.

ஆகவே நாம் கோருவது இவை. ஏரி ஒவ்வொன்றின் கரைக்கும் பெயர் சொல்லக்கூடிய ஒரே அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே கரை, மதகு, கலிங்கு, போக்குக்கால்வாய் நான்கையும் பொறியாளர் பார்த்து, அறிக்கையை ஊரறிய ஒட்ட வேண்டும். அந்த அறிக்கை இல்லாத ஏரியில் படகுக்கு உரிமம் கூடாது. படகுக் கட்டணத்தில் ஒரு பங்கு கரைக்கே செலவாக வேண்டும். 10 மீட்டருக்குக் குறைந்த கரையாயினும் கீழே குடியிருப்பு இருந்தால், மாநிலச் சட்டம் அதனைக் காக்க வேண்டும்.

இயக்கத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. படகுத்துறைக்குத் திறப்புவிழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு, மாலை உண்டு. கலிங்கைச் சீர் செய்தவனுக்கு எவரும் மாலை போடுவதில்லை. அதனால்தான் அந்த வேலை நம் வேலையாகிறது. மாற்றார் ஆளும் மன்றமாயினும் கேளுங்கள். நம்மவர் ஆளும் மன்றமாயின் இன்னும் உரக்கக் கேளுங்கள். அக்டோபர் 2 கிராம சபையிலே தீர்மானம் கொண்டு வாருங்கள். நகரிலே பகுதி சபையில் எழுப்புங்கள். மண்வெட்டியோடு செல்லும் முன் குறிப்பேட்டோடு கரையை ஒருமுறை நடந்து வாருங்கள். ஈரம் எங்கே, விரிசல் எங்கே, மூட்டை எங்கே என்று எழுதி, நாளிட்டு, அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ‘தெரியாது’ என்று பின்னாளில் சொல்லும் வாயை அந்த ஒரு தாள் அடைக்கும்.

ஏரியிலே நம் குழந்தைகள் படகு விடட்டும். அதே ஏரியின் கீழே நம் குழந்தைகள் அச்சமின்றி உறங்கவும் வேண்டும். மழைக்கு இன்னும் நாளிருக்கும்போதே கரைக்குச் செல்வீர்!