ஒற்றுமையை யாரிடம் கேட்கிறீர்கள்?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருஞ்சாலையில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே நாலந்தா என்னும் சிற்றூர் இருக்கிறது. தீவின் நடுவிடத்திற்கு அணித்தான ஊர் இது. சாலையை விட்டுச் சிறிது தூரம் உள்ளே சென்றால், நீர்த்தேக்கத்தின் கரையில் கெடிகே எனப்படும் பழைய கற்கோயிலைக் காணலாம். பல்லவர் காலத்துக் கட்டிட முறையை நினைவூட்டும் கோயில். அதில் வழிபட்டவர்களோ பௌத்தர்கள். மகாவலித் திட்டத்தின்கீழ்ப் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, மூழ்கவிருந்த அக்கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டு நிலத்தில் மீண்டும் எழுப்பினார்கள். பாராட்டத்தக்க பணிதான்.

இக்கோயிலைச் சுட்டிக்காட்டி ஒற்றுமை உபதேசம் செய்வது மிக எளிது. “பாருங்கள், வடக்கும் தெற்கும் இங்கே கலந்திருக்கின்றன! இளைஞர்களே, நீங்களும் இவ்வாறே கலந்து வாழுங்கள்!” என்று ஒரு மேடைப் பேச்சாளர் முழங்கலாம். ஆனால், கல்லுக்குப் பிரசாவுரிமை தேவையில்லை. பொலிஸ் நிலையத்தில் தன் மொழியில் முறைப்பாடு எழுத வேண்டிய நிலையும் அதற்கு இல்லை. மனிதனுக்கு இவையெல்லாம் வேண்டும். ஆகவே, கோயிலைக் கண்டு மகிழும் நண்பர்களே, திரும்பும்போது அந்தச் சாலையையும் சற்றே பாருங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழை மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே நடந்து, தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்துதான் மாத்தளையை அடைந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியோர் மலையைத் திருத்தினர். கோப்பி அழிந்தபின் தேயிலையை வளர்த்தனர். நாட்டின் செல்வத்தைப் பெருக்கினர். அவர்களுக்குச் சுதந்திர இலங்கை அளித்த பரிசு என்ன? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம். சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதரைப் பங்கிட்டது. ஒரு கற்கோயிலின் ஒவ்வொரு கல்லுக்கும் இடம் தேடித் தந்த நாடு, தன் மலைகளைத் திருத்திய மக்களுக்கு இடமில்லை என்றது!

இஃது இனவெறி மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தம் பிரதிநிதிகள் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு பல தொகுதிகளில் அவர்களுடைய வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. ஆளும் வர்க்கம் அஞ்சியது இதற்குத்தான். தமிழ்த் தொழிலாளியின் வாக்கைப் பறித்தபோது சிங்களத் தொழிலாளியின் கையும் முறிக்கப்பட்டது. இதைக் கண்டும் தமிழ்க் காங்கிரஸின் தலைவர் அதே 1948இல் மந்திரிப் பதவி ஏற்றார். ஒரே மொழி பேசியதால் ஒரே நலன் வந்துவிடவில்லை.

நம் பக்கத்துப் பிழையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் உரத்துப் பேசியவர்கள் இடதுசாரிகள். ஆனால், பத்து ஆண்டுகள் கழித்து, 1966 ஜனவரி 8ஆம் நாள், தமிழ்மொழி விதிகளை எதிர்த்துத் தெருவில் இறங்கிய கூட்டணியிலும் அவர்கள் நின்றார்கள். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக நிலைநாட்டிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு உருவானதும் ஓர் இடதுசாரி மந்திரியின் பொறுப்பிலேதான். பதவிக்காகக் கொள்கையை விற்றவர்கள் இறுதியில் பதவியையும் காக்கவில்லை. மக்களின் நம்பிக்கையையும் காக்கவில்லை.

இத்தனையும் செய்த மூத்த தலைமுறை இன்று இளைஞரை நோக்கி, “நாட்டைப் பிளந்தவர்கள் நீங்களே, அரசியலை விட்டுப் படியுங்கள்” என்கிறது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸைத் தொடங்கியவர்கள் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர்கள். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்களும் அவர்களே. சாதிக் கொடுமையைச் சாடினர். தமிழ் மாணவர் சிங்களமும் சிங்கள மாணவர் தமிழும் கற்க வேண்டுமென வலியுறுத்தினர். இலங்கை முழுவதற்கும் பூரண சுயராச்சியம் கோரி, 1931இல் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். வடக்கில் தொகுதிகள் வெறுமையாயின. தெற்கின் பெருந்தலைவர்களோ தேர்தலில் நின்று பதவிகளில் அமர்ந்தனர். ஒற்றுமையை உளமார நம்பியவர்கள் இளைஞர்கள். அவர்களைத் தனியே விட்டவர்கள் பெரியவர்கள்!

பின்னர் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். 1971இலும், 1987 முதல் 1989 வரையிலும் தெற்கில் சிங்கள இளைஞர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் 2009 வரை தமிழ் இளைஞர் மடிந்தனர். 1979இல் தற்காலிகம் என்று கூறிக் கொணரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. தமிழ் இளைஞரை அது விழுங்கியபோது தெற்கில் பெரும்பாலோர் வாளாவிருந்தனர். 2022இல் காலிமுகத்திடலில் மக்கள் எழுந்து ஒரு ஜனாதிபதியைப் பதவி விலகச் செய்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே சட்டம் சிங்கள மாணவர் தலைவர்களின் கையில் விலங்கு மாட்டியது. அவர்களுள் பௌத்த பிக்கு ஒருவரும் இருந்தார். அயலானுக்கெனச் செய்த விலங்கு நம் கைக்கும் பொருந்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தமிழ் இளைஞரும் இதையே தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டபோது நாம் எங்கே நின்றோம்? 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் நம்மவரை நம்மவரே தடுத்தபோது, நம் உரிமைப் பேச்சு எவ்வளவு பெறுமதி உடையதாயிருந்தது? தன் வீட்டில் சமத்துவம் மறுப்பவன் அயலாரிடம் அதைக் கேட்கும் தகுதியை இழக்கிறான்.

ஆகவே, ஒற்றுமை என்பது எளியவன் வாய்மூடி இருப்பதன் பெயரன்று. பிறனுடைய உரிமைக்காக நாம் எழுந்து நிற்பதே ஒற்றுமை. இதனை இளைஞர் செய்ய முடியும். 2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்த வழியில் அவர்களின் சந்ததியினர் நடந்தனர்; சிங்களரும் முஸ்லிம்களும் உடன் நடந்தனர். நிலமும் வீடும் நியாயமான கூலியும் சம உரிமையும் கேட்டனர். ஒருவர் கோரிக்கையைப் பலர் சுமந்த அந்த நடைதான் நமக்கு வழிகாட்டி.

ஆசிரியத் தோழர்களே! அடுத்தமுறை மாணவரை நாலந்தாவுக்கு அழைத்துச் செல்லும்போது, கோயிலின் கதையோடு சாலையின் கதையையும் சொல்லுங்கள். மாணவ நண்பர்களே! அயலவர் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அநீதி நேரும்போது அந்த மொழியிலேயே அவர்களோடு நின்று குரல் கொடுங்கள். “நாளைய தலைவர்கள்” என்று உங்களைப் புகழ்ந்து இன்று வாய்மூடச் சொல்பவர்களுக்கு ஒரே மறுமொழி கூறுங்கள்: நாங்கள் இன்றைய பிரசைகள், எங்களோடு இந்நாட்டின் எல்லோரும் சமமான பிரசைகளாகட்டும், அதன்பின் ஒற்றுமையைப் பற்றிப் பேச வாருங்கள்.