இழுத்தும் அசையாத படகு மோட்டார்



ஆற்றோரத் தோட்டங்களில் வாழும் நம்மவர் சிலர் பழைய படகு மோட்டார் ஒன்றை மலிவாக வாங்கிச் சாம்பானில் மாட்டிக் கொள்வதுண்டு. ஓய்வு நாளில் வலை வீசவும் அக்கரைக்குப் போய்வரவும் அது உதவும். பல மாதம் கொட்டகையில் கிடந்த பிறகு ஒரு நாள் கயிற்றை இழுத்தால் அசையவே அசையாது. உடனே பக்கத்து வீட்டுத் தம்பியையும் கூப்பிட்டு, இருவருமாகச் சேர்ந்து இழுப்பார்கள். கயிறு அறும், அல்லது உள்ளே ஏதாவது உடையும். அதன் பிறகு மோட்டார் பழைய இரும்புக் கடைக்குத்தான்!

அசையாத மோட்டாரைப் பலத்தால் அசைக்காதீர்கள். எங்கே பிடித்திருக்கிறது என்று முதலில் கண்டறியுங்கள். பழைய மோட்டார்களுக்குச் சாமான் கிடைப்பது அரிது. 1909இல் விற்பனைக்கு வந்த எவின்ரூட் மோட்டார்கூட 2020இல் உற்பத்தி நின்று போனது.

கயிறு வந்து, இஞ்சினும் சுற்றி, ஆனால் பிடிக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பெட்ரோலிலோ பிளக்கிலோ இருக்கும். கயிறே வரவில்லை என்றால் அது வேறு நோய். அதற்கு வைத்தியம் இதோ:

1. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பல மோட்டார்களில் கியர் விழுந்திருந்தால் கயிறு வராது. பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

2. பிளக் வயரைக் கழற்றி விட்டு, மேலே உள்ள கயிற்றுப் பெட்டியின் திருகாணிகளை எடுங்கள். அடியில் இருக்கும் கனத்த சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் இஞ்சின் நலம். கோளாறு கயிற்றுப் பெட்டியில். அதனுள் சுருண்டிருக்கும் வில் பாய்ந்து கண்ணில் அடிக்கும். பழகாதவர் பிரிக்க வேண்டாம்.

3. சுற்றவில்லையா? பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். இப்போது சுற்றினால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம். மெதுவாகச் சுற்ற, துவாரம் வழியே அது வெளியேறும். துவாரத்துக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

4. அப்போதும் அசையாவிட்டால் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். பிளக் துவாரம் மேல்நோக்கும்படி மோட்டாரைப் படுக்க வைத்து, துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஓரிரண்டு நாள் விடுங்கள். பிறகு சக்கரத்தை இரு பக்கமும் இம்மி இம்மியாக அசையுங்கள். சுத்தியலால் தட்டக் கூடாது. சக்கரத்துக்குள் இருக்கும் காந்தம் உடைந்துவிடும்.

5. இதற்கும் மசியவில்லையானால் அடியிலுள்ள கியர் பெட்டி இறுகியிருக்கலாம். அது மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை.

இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கவனக்குறைவே. எண்ணெய் கலந்து ஓட்டும் மோட்டாரில் வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் தேய்ந்து, சூடேறி ஒட்டிக் கொள்ளும். 50க்கு 1 என்று எழுதியிருந்தால், 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி லிட்டர் எண்ணெய். மிகப் பழையவற்றுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். மோட்டாரில் எழுதியிருப்பதைப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஓட்டினால் நல்ல தண்ணீரால் கழுவாமல் வைக்காதீர்கள்.

மோட்டார் சரியாகி விட்டதா? உடனே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போகாதீர்கள். விசிறியின் பக்கம் யாரும் நெருங்காமல், தண்ணீர் நிரம்பிய தோம்பில் நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். குளிரூட்டும் தண்ணீர் சிறு துவாரம் வழியே பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஆற்றில் முதல் ஓட்டம் கரையை ஒட்டியே இருக்கட்டும். துடுப்பும் மிதவைச் சட்டையும் படகில் இருக்கட்டும். பெருக்கெடுத்த ஆற்றில் மோட்டார் நின்றால், துடுப்பு இல்லாத படகு வெறும் மிதக்கும் பலகைதான்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மோட்டாரைப் பிரிக்கும்போது உங்கள் மகனையும் மகளையும் அருகில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகச் சோதித்துக் காரணம் காணும் பழக்கம் அவர்களுக்குப் பள்ளிப் பாடத்திலும் கைகொடுக்கும்.