பீரோவில் பூட்டிய நெல்

நமக்கு நேர்ந்த மானக்கேடு ஒன்றை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 2015-ஆம் வருஷம் வேதாரணியம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், பழைய நெல் ரகங்களைப் பிள்ளைகள் அறிய வேண்டுமென்று ஆசைப்பட்டு, "வீட்டில் உள்ளதில் ஒரு கைப்பிடி கொண்டு வாருங்கள்" என்றோம். பூங்கார் வந்தது, மாப்பிள்ளைச் சம்பா வந்தது, ஆளை மறைக்கும் உயரம் வளரும் காட்டுயானம் வந்தது. ஒரு மாணவனுடைய பாட்டியார், உப்புப் பூத்த கடலோர நிலத்திலும் விளையும் குழியடிச்சான் நெல்லில் ஒரு படியைத் தாமே சுமந்து வந்து கொடுத்தார். நாம் எல்லாவற்றையும் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, அழகாகப் பெயர் எழுதி ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினோம். பார்வையிட வந்தவர்கள் புகழ்ந்தார்கள். நாமும் பூரித்துப் போனோம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. பாட்டியாரின் வயலில் கடல்நீர் ஏறியது. வீட்டுக் கூரை பறந்து, குதிரில் மிச்சமிருந்த நெல்லும் நனைந்து முளைவிட்டு அழுகியது. மறு வருஷம் ஆனி மாதம் அவர் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"வாத்தியாரய்யா, நான் குடுத்த நெல்லு இருக்கா? விதைக்கு வேணும்."

நாம் பெருமையோடு பீரோவைத் திறந்தோம். அவர் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். "எந்த வருஷத்து விளைச்சல் ஐயா?" என்றார். "நீங்கள் கொடுத்த அதே நெல்தான் அம்மா, பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்றோம். பாட்டியார் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அன்றே நூறு மணிகளை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தோம். ஐந்தாம் நாள் பிரித்தபோது ஒன்றுகூட முளைத்திருக்கவில்லை. சான்று பெறும் விதை நெல்லில் நூற்றுக்கு 80 முளைக்க வேண்டும் என்பது அரசாங்க விதி. அதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவரும் நாமே!

நெல்மணி உயிருள்ள வஸ்து. உறங்கும்போதும் மெல்ல மூச்சு விடுகிறது. உஷ்ணமும் ஈரக்காற்றும் மிகுந்த கடற்கரை ஊரில் சாதாரணப் புட்டியில் கிடந்தால் ஓரிரு வருஷத்தில் வீரியம் குன்றிவிடும். தில்லியிலுள்ள தேசிய மரபணு வங்கியில் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் வைத்துக் காக்கிறார்கள். அங்கேகூட அவ்வப்போது முளைப்பைச் சோதித்து, குறைந்தால் மறுபடி விளைவித்து எடுத்தாக வேண்டும். நம் பீரோ எம்மாத்திரம்?

இதை நன்கு உணர்ந்து காரியம் செய்தவர், கஜா புயலுக்கு அடுத்த மாதம் காலமான நெல் ஜெயராமன். நம்மாழ்வாரின் வழியில் நின்று, திருத்துறைப்பூண்டிக்கு அருகில் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட ரகங்களைச் சேகரித்தவர் அவற்றைப் பூட்டி வைக்கவில்லை. வந்த உழவருக்கு இரண்டு கிலோ விதை. அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. விதையை வைத்துக்கொள்ளவும் மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயர் ஒட்டாமல் விற்கவும் உழவருக்கு உரிமை உண்டென்று 2001-ஆம் வருஷத்துச் சட்டமும் சொல்கிறது. ஆனால் பிள்ளைக்கு விதை எடுக்கவே தெரியாமற் போனால் அந்த உரிமையால் யாருக்குப் பிரயோஜனம்?

இப்போது நம் பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் இரண்டு பாத்தி நெல் நிற்கிறது. கதிர் வந்ததும் உயரத்திலோ நிறத்திலோ மாறுபட்ட கலவனைப் பிள்ளைகளே பிடுங்குகிறார்கள். வரப்போரத்தை விட்டு நடுப் பாத்தியிலிருந்தே விதைக்கு அறுக்கிறார்கள். முட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த நீரில் நெல்லைக் கொட்டிப் பதரை நீக்கி, நல்ல நீரில் இருமுறை அலசி விதைக்கிறார்கள். காய்ந்த பக்குவத்தைப் பல்லால் அறியும் வித்தையைக் கற்றுக்கொடுக்கப் பாட்டியாரையே அழைத்தோம். நமக்குப் பட்டம் உண்டு. அந்தப் பல் இல்லை.

கொல்லை உள்ள வீட்டார் அவரையிலிருந்து தொடங்கலாம். முதலில் திரண்ட நல்ல காயைச் சமையலுக்குப் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விட்டால் போதும். பூசணிக்கு மட்டும் ஜாக்கிரதை தேவை. அடுத்த வீட்டில் வேறு பூசணி இருந்தால் வண்டு மகரந்தத்தைக் கலந்துவிடும். ஆகையால் மறுநாள் மலரவிருக்கும் ஆண் பூவையும் பெண் பூவையும் முதல் நாள் மாலையே நூலால் கட்டி, விடிந்ததும் அவிழ்த்து, ஆண் பூவைப் பெண் பூவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும்.

குழியடிச்சான் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்பீர்கள். பாட்டியார் முன்னொரு காலத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் சம்பந்தி வீட்டாருக்கு ஒரு மரக்கால் விதை கொடுத்திருந்தார். அவர்கள் வருஷந்தோறும் விதைத்து வந்தார்கள். அங்கிருந்து வாங்கி வந்து மறுபடி பயிர் வைத்தார். 2020 தை மாதம், அறுத்த நெல்லில் ஒரு கைப்பிடியைக் கொண்டு வந்து நம் மேஜைமேல் வைத்தார்.

"இது கடன் ஐயா. அடுத்த தைக்கு ஒரு படியாத் திருப்பித் தரணும்."

ஆடு மேய்ந்தது போக முக்கால் படிதான் தேறியது. பாக்கிக் கால் படியை அவர் இன்னும் தள்ளுபடி செய்யவில்லை.