எழுதாக் கடன்

‘கடன்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன்; செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். நம் நாட்டு மருத்துவ மாணவன் முதலாவது கடனுக்கு ஆளாவதில்லை. அதனால் இரண்டாவதும் தனக்கில்லை என எண்ணிவிடுகிறான். அவ்வாறு எண்ண அவனைப் பழக்கியது அரசின் நடைமுறையே என்பது என் வாதம்.

ஐக்கிய அமெரிக்காவிலே பெருங்கடன் பெற்றே பலர் மருத்துவம் கற்கின்றனர். வைத்தியர் அரிதான ஊர்களில் ஈராண்டு பணிபுரிய உடன்படுவோரின் கடனில் ஒரு பகுதியை அங்கு அரசே இறுக்கிறது. இங்கும் அவ்வாறு செய்தாலென்ன எனக் கேட்கலாம். இல்லாத கடனைத் தள்ளுபடி செய்வது எங்ஙனம்?

கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இலவசம் என்றால் விலையைப் பிறர் கொடுத்துவிட்டனர் என்பதே பொருள். இரணைமடு நீரை நம்பி விதைப்பவனும், முல்லைத்தீவுக் கரையில் வலை இழுப்பவனும் தாம் வாங்கும் பண்டங்கள்மீது செலுத்திய வரியும் அவ்விலையுள் அடங்கும்.

வன்னி கொடுத்தது வரி மாத்திரமன்று. தன் பெயரையும் கொடுத்தது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகியன பின்தங்கியவை என்ற பட்டியலில் உள்ளன. ஆயின், எம்மாவட்டத்தின் பெயரால் ஒருவர் இடம் பெற்றாரோ, அம்மாவட்டத்திற் பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனை அவ்விடத்தோடு வருவதில்லை. உள்ளகப் பயிற்சி முடித்தோர் தகுதி நிரலின்படி நிலையங்களைத் தெரிவு செய்கின்றனர். முன்னிற்போர் நகரங்களை எடுக்க, எஞ்சியவை பின்னிற்போர்க்கு. வன்னிக்கு வருதல் பரிசாகாமல் தண்டனையாகத் தோன்றுவது இதனாலன்றோ?

மனச்சான்று போதாதா என்பர். 2009இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் எறிகணைகளுக்கிடையே மக்களுடன் நின்ற அரச வைத்தியர்கள் சத்தியமூர்த்தி, வரதராசா, சண்முகராசா ஆகியோரை எந்த ஒப்பந்தமும் அங்கு நிறுத்தவில்லை. அவர்களை வணங்குவோம். ஆனால் அத்தகையோர் பிறப்பர் எனக் காத்திருப்பது சுகாதாரக் கொள்கையாகாது.

நமக்கு ஏற்ற முன்மாதிரி யப்பானில் உண்டு. 1972இல் அந்நாட்டு மாகாணங்கள் கூடி ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தை நிறுவின. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர் சிலர் தெரிவாகின்றனர்; அவர்களின் கட்டணம் கடனாக வழங்கப்படுகிறது. படித்த காலத்தின் ஒன்றரை மடங்கு, அதாவது பொதுவாக ஒன்பதாண்டு, தம் மாகாணத்திற் பணிபுரிந்தால் அக்கடன் இல்லாதொழியும். அங்கே கடன் எழுதப்பட்டது. அதனால் தீர்க்கவும் முடிந்தது.

வன்னிப் பாடசாலைகளின் மாணவர்க்கென மருத்துவ பீடங்களில் மேலதிக இடங்கள் வேண்டும். விரும்பி ஏற்போர் ஐந்தாண்டு வன்னியிற் பணிபுரிவதாக எழுதிக் கொடுக்கட்டும். விலகுவோர் கல்விச் செலவை மீளச் செலுத்தட்டும். நாட்டுப்புறத்திற் பிறந்தோரே நாட்டுப்புறப் பணியில் நிலைக்கும் வாய்ப்பு மிகுதி என உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

பத்தொன்பது வயதினரைக் கட்டிவைப்பது அநீதி என்பர். விரும்பாதார்க்குப் பொது வழி திறந்தே உள்ளது. இவை மேலதிக இடங்களே. வீடின்றி, பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையின்றி வைத்தியர் எவ்வாறு தங்குவர் என்பர். இவ்வினா நியாயமானது. ஆகவே ஒப்பந்தம் அரசையும் கட்டவேண்டும்: விடுதி தருக, பட்டமேற்படிப்புக்கு முன்னுரிமை தருக. அரசு தன் வாக்கைத் தவறினால் வைத்தியர் விடுபடுக. தமிழ்நாட்டில் அரச வைத்தியர்க்குப் பட்டமேற்படிப்பில் தனி ஒதுக்கீடு கோரிய வழக்கில், அவ்வாறு ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரமுண்டென இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அவ்வழி நமக்கு மூடப்பட்டதன்று.

யான் கலைப்பீட மாணவன், மருத்துவம் அறியேன். நோயுற்ற தாயை இரவுப் பேருந்தில் மடியிற் சாய்த்து, சிறப்பு வைத்தியரைத் தேடி யாழ்ப்பாணம் சென்றதை மாத்திரம் அறிவேன். அப்பயணத்தில் நான் எண்ணியது இதுவே: எழுதாத கடனை எவரும் தீர்ப்பதில்லை. மருத்துவம் பயிலும் நண்பர்களே, அதனை எழுதுங்கள் என்று முதலில் நீங்களே கேளுங்கள்.