வெயில் பொது, மாடி பொதுவல்ல

நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி இப்போது புதைபடிவ எரிபொருள் சாராதது என்று 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. அப்போது மொத்த நிறுவுதிறன் 484.8 ஜிகாவாட். பாரிஸ் ஒப்பந்தத்தின்கீழ் 2030க்கு வைத்த இலக்கை 5 ஆண்டு முன்னதாகவே தொட்டிருக்கிறோம். கணக்கில் பிழையில்லை. ஆனால், நிறுவுதிறன் என்பது உச்சத்தில் எவ்வளவு மின்சாரம் தர முடியும் என்பதைச் சொல்லுமே தவிர, ஆண்டு முழுவதும் கம்பியில் எவ்வளவு வந்தது என்பதைச் சொல்லாது. சூரியப் பூங்கா இரவில் உறங்குகிறது. தென்மேற்குப் பருவம் முடிந்ததும் காற்றாலையும் பெருமளவு ஓய்ந்துவிடுகிறது. அதனால்தான் 2024-25இல் நாட்டில் உற்பத்தியான மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. புதுச்சேரியின் நிலைமை இன்னும் தெளிவு. அரசுக்குச் சொந்தமான பெரிய மின்நிலையம் காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் ஒன்றுதான். மற்றதில் பெரும்பகுதி, நெய்வேலி உள்ளிட்ட மத்திய நிலையங்களிலிருந்து வாங்கப்படுகிறது. புதுச்சேரி நகரின் முத்தியால்பேட்டையில் இரவு எட்டு மணிக்குச் சுழலும் மின்விசிறிக்குப் பின்னால் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் இருக்கிறது.

இரவுக்கான பேட்டரியும் நீரேற்று மின்நிலையமும் பணம் இருந்தால் வந்துவிடும். அந்தப் பணத்தை யார் தருகிறார்கள், பலனை யார் பெறுகிறார்கள் என்பதில்தான் இந்த மாற்றம் நிலைக்குமா என்பது தெரியும். வீட்டு மாடியில் சூரியப் பலகை பொருத்த மானியம் தரும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது. 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். முத்தியால்பேட்டை போன்ற நெருக்கமான பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், அடுத்த கட்டடத்தின் நிழல், ஒரே மாடியைப் பகிரும் பல குடித்தனங்கள். வாடகைக்கு இருப்பவருக்கு மாடி மீது உரிமையே இல்லை. ஆக, மானியம் யாருக்குப் போகிறது? சொந்த மாடியும் மீதித் தொகையைப் போடக் கையில் காசும் உள்ளவருக்கு. அவருடைய கட்டணம் குறையும்போது கம்பி, மின்மாற்றி, பராமரிப்பு ஆகியவற்றின் செலவு குறைவதில்லை. அது மாடியில்லாதவர்களின் கட்டணத்தில் ஏறும், இல்லையேல் அரசின் மானியச் சுமையாகும்.

‘வசதியுள்ளவர் முதலில் வாங்கினால்தான் விலை இறங்கும், கைப்பேசி அப்படித்தான் பரவியது’ என்பார்கள். பலகையின் விலையைப் பொறுத்தவரை இது உண்மை, இறங்கியும் விட்டது. ஆனால் விலை எவ்வளவு இறங்கினாலும் வாடகைதாரருக்கு மாடி முளைக்காது. ‘தலைக்கு இவ்வளவு குறைவாகக் கரி உமிழும் நாம் ஏன் அவசரப்பட வேண்டும்? நிலக்கரியே இருக்கட்டும்’ என்ற வாதத்துக்கும் நியாயம் உண்டு. பணக்கார நாடுகளை நோக்கிச் சொல்லும்போது. உள்நாட்டில் அதன் விலையைக் கொடுப்பவர் வேறு ஆள். 2023 ஜூலையில் நெய்வேலி சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் விளைந்துகொண்டிருந்த நெற்பயிருக்குள் பொக்லைன் இறங்கியதை மறந்துவிட முடியாது.

வழி இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் உற்பத்தியாகும் சூரிய மின்சாரத்தைப் பல வீடுகளின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் முறைக்கு டெல்லி 2019இலேயே வழிகாட்டு நெறிகள் வகுத்தது. பால்கனியில் சிறிய பலகை மாட்டும் வாடகைதாரருக்கு ஜெர்மனி 2024இல் சட்டப் பாதுகாப்பு தந்தது. புதுச்சேரியில் அரசுப் பள்ளிகள், சந்தைகள், அலுவலகங்களின் கூரைகளில் பலகை பொருத்தி, வாடகைக் குடும்பங்களின் மின் இணைப்பு எண்ணில் அதன் அலகுகளை வரவு வைக்கலாம். இதில் மின்துறைக்குக் கணக்கு வேலை கூடும். இழப்பு வரும் என்றும் சொல்லும். சொந்த மாடிக்காரருக்காக ஏற்கும் இழப்பை விட அது எந்த வகையில் மோசம்?

புதுச்சேரியின் மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதற்குமுன் மக்களிடம் கருத்துக் கேட்கிறது. அடுத்த முறை கேட்கும்போது முத்தியால்பேட்டையின் வாடகைதாரர்களும் மனுவோடு போக வேண்டும்.