சிப்பம் கட்டும் தொழிலில் முப்பரிமாண அச்சு

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பது நம் முன்னோர் அனுபவத்திற் கண்ட உண்மை. நன்றாக விளைந்த மாங்கனி கூடையின் அடியில் நசுங்கிப் போகிறது. பூந்தமல்லிக்கு மேற்கேயிருந்து விடியுமுன் புறப்படும் மல்லிகை, சந்தையை அடையுமுன் புழுங்கிவிடுகிறது. அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் நெய்த சேலை, மடிப்புக் கலைந்த பெட்டியில் வந்தால் வாங்குவோர் கண்ணுக்குப் பழையதாகத் தோன்றுகிறது. உழைப்பின் பயன் உழைத்தவனைச் சேராமல் வழியில் சிந்துவதற்குச் சிப்பம் ஒரு முக்கிய காரணம். ஆகவே சிப்பம் கட்டுவது பற்றிய எந்தப் புதுமையும் நம் அங்கத்தினர் கவனத்திற்கு உரியதே.

அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சு இயந்திரம் என்பதைப் பற்றிச் சங்கங்களில் பேச்சு எழுந்துள்ளது. “இதை வாங்கிவிட்டால் வேண்டிய பெட்டியை வேண்டிய வடிவில் நீங்களே அச்சடித்துக்கொள்ளலாம்; வெளியாரை நாடவேண்டியதில்லை” என்று இயந்திரம் விற்போர் கூறுகின்றனர். இப்பேச்சில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. பங்குத் தொகையிலிருந்து பணம் எடுக்கத் தீர்மானம் நிறைவேற்றுமுன் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம் கடமை.

இயந்திரத்தின் இயல்பு

தச்சன் மரத்தைச் செதுக்கி வேண்டாததை நீக்கிப் பொருளை அமைக்கிறான். முப்பரிமாண அச்சு இதற்கு நேர்மாறானது. கணிப்பொறியில் வரைந்த வரைபடத்தைக் கொண்டு, உருகிய பிளாஸ்டிக் இழையையோ, ஒளிபட்டால் இறுகும் பிசினையோ படலத்தின்மேல் படலமாக அடுக்கிப் பொருளை வளர்க்கிறது. குளவி மண்ணைக் கொணர்ந்து கூடு கட்டுவது போன்றதெனலாம். ஜப்பானில் ஹிடியோ கொடாமா 1981இல் இவ்வழியை விவரித்தார். அமெரிக்காவில் சார்லஸ் ஹல் 1984இல் விண்ணப்பித்து 1986இல் காப்புரிமை பெற்றார். இழையை உருக்கி அடுக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் பெற்ற மூலக் காப்புரிமை 2009இல் காலாவதியாயிற்று. அதன் பின்னரே சிறு இயந்திரங்களின் விலை சரிந்து, இன்று பள்ளிகளிலுள்ள அடல் ஆய்வுக்கூடங்களில் மாணவர் கையாளும் அளவுக்குப் பரவியுள்ளது. நம் சென்னையிலேயே அக்னிகுல் என்னும் நிறுவனம் முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினைப் பொருத்தி 2024 மே 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஒன்றை ஏவியது. ஆகவே இது வெறும் விளையாட்டுப் பொருள் அன்று.

பெட்டி அச்சடிப்பது பொருந்துமா?

பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு படலத்தின் கனம் 0.2 மில்லிமீட்டர் என்றால், 500 படலங்கள் ஏறவேண்டும். ஒரு பெட்டிக்கு நான்கு மணி நேரம் ஆகுமெனக் கொண்டால், இரவு பகலாக ஓட்டினும் நாளொன்றுக்கு ஆறு பெட்டிகளே கிடைக்கும். ஆயிரம் பெட்டிக்கு 167 நாட்கள்! மாம்பழப் பருவமே முடிந்துபோகும். சூடேற்றிய தகட்டை அச்சின்மேல் வைத்துக் காற்றை உறிஞ்சித் தட்டு செய்யும் இயந்திரமோ ஒரு நிமிடத்திற்குள் ஒன்றைத் தந்துவிடும். அட்டைப் பெட்டியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? வெட்டி மடித்து ஒட்டும் அப்பெட்டியோடு இவ்வியந்திரம் விலையிலும் வேகத்திலும் ஒருபோதும் போட்டியிட இயலாது.

வேறு குறைகளும் உள. சோள மாவிலிருந்து செய்யப்படும் பி.எல்.ஏ. என்னும் இழை ஏறத்தாழ 60 டிகிரி வெப்பத்தில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய லாரியில் அது உருக்குலையாது என்று எவரும் உறுதி கூற முடியாது. படலங்களுக்கிடையே உள்ள நுண்ணிய பள்ளங்களில் ஈரமும் அழுக்கும் தங்கிக் கிருமிகள் வளர இடமாகும். உணவுப் பண்டத்தைத் தொடும் சிப்பத்திற்கு 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சிப்ப விதிகள் உள்ளன. அவற்றிற்கு உட்படாத பொருளில் நெய்யையோ வெல்லத்தையோ வைத்து விற்பது சங்கத்தின் நற்பெயரை அடகு வைப்பதற்கு ஒப்பாகும்.

உண்மையான பயன் எங்கே?

இயந்திரத்தின் பயன் பெட்டியில் இல்லை. பெட்டியைச் செய்யும் அச்சில் இருக்கிறது. உலோக அச்சு ஒன்றிற்கு ரூ. 60,000 ஆகிறதென்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். இரண்டு லட்சம் தட்டு செய்பவருக்கு அச்சுச் செலவு தட்டொன்றுக்கு 30 காசு. ஐந்நூறு தட்டு மட்டும் தேவைப்படும் சங்கத்திற்கோ தட்டொன்றுக்கு ரூ. 120! அச்சடித்த அச்சு ரூ. 6,000க்குக் கிடைக்குமாயின் அது ரூ. 12 ஆகிறது. பெரிய கம்பெனி பெற்ற வசதி சிறியவனுக்கு எட்டாமற் போனதற்கு இந்த அச்சுச் செலவே காரணம். அத்தடையைத்தான் புதிய இயந்திரம் தாழ்த்துகிறது. அச்சடித்த அச்சு உலோக அச்சைப்போல் லட்சக்கணக்கில் உழைக்காது என்பது மெய்யே; ஆனால் சிறு எண்ணிக்கைக்குத் தாங்கும். நமக்கு வேண்டுவதும் சிறு எண்ணிக்கைதான்.

பெரிய கம்பெனிகள் இதை முன்பே உணர்ந்துவிட்டன. யூனிலீவர் நிறுவனம் புட்டி ஊதும் அச்சை முப்பரிமாண முறையில் செய்து, பல வாரம் காத்திருந்து பெற்ற மாதிரிப் புட்டியை இரண்டே வாரத்தில் பெறத் தொடங்கிற்று. சந்தையின் விருப்பம் தெரிந்த பிறகே எஃகு அச்சுக்குப் பணம் செலவிடுகிறது. கோடிக்கணக்கில் முதல் உடையவரே மாதிரி பார்த்து நடக்கையில், அங்கத்தினரின் சிறு சேமிப்பைக் கையாளும் நாம் மாதிரி பாராமல் பத்தாயிரம் பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பது முறையாகுமா?

நமக்கு இன்னும் நெருங்கிய பயன் ஒன்று உண்டு. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடை செய்யப்பட்டன. அவற்றுக்கு மாற்றாகக் கரும்புச் சக்கை, வைக்கோல், பழைய தாள் ஆகியவற்றின் கூழில் வார்த்த தட்டுகள் வந்துள்ளன. கூழ் வார்க்கும் அச்சில் நீர் வடிய எண்ணற்ற துளைகள் வேண்டும். பழைய முறையில் உலோகத்தில் துளையிட்டு, கம்பி வலையைக் கையால் வளைத்துப் பொருத்த வேண்டும். அது நுண்ணிய வேலை, செலவும் மிகுதி. முப்பரிமாண அச்சிலோ அச்சு வளரும்போதே துளைகளும் உடன் அமைகின்றன. 2020இல் எச்.பி. நிறுவனம் கூழ் வார்ப்புக்கென்றே இத்தகைய கருவிகளை அறிவித்தது. திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், சுற்றிலும் நெல் வயலும் உள்ள நம் மாவட்டத்தில் கூழுக்கு மூலப்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கனியின் அளவிற்குக் குழி அமைந்த கூழ்த் தட்டு ஒன்றை நம் தோட்டக்காரருக்கு வகுத்துக் கொடுத்தால் நசுங்கும் சேதம் குறையும்.

நெசவாளர்க்கு ஆகும் பயன் சிறியதே. அதை மிகைப்படுத்திக் கூற நாம் விரும்பவில்லை. சேலைக்கு அட்டைப் பெட்டியே போதும். எனினும் சங்க முத்திரையைப் பெட்டி மூடியில் புடைப்பாகப் பதிக்கும் அச்சையும், சிப்பம் கட்டும் இயந்திரத்தில் தேய்ந்துபோன பிடிகள், வழிகாட்டிகள் போன்ற சிறு உறுப்புகளையும் இம்முறையில் செய்துகொள்ளலாம். சூடும் பாரமும் தாங்க வேண்டிய உறுப்புகளை மட்டும் இதில் செய்யலாகாது.

அச்சு யாருக்குச் சொந்தம்?

நாம் கணக்குப் பார்க்கும் இடங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. அச்சுச் செலவு சங்கத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அச்சோ பெட்டி செய்து தருபவரின் பட்டறையில் இருக்கும். விலையை உயர்த்தினாலும் வேறிடம் போக வழியில்லை. இருப்புப் பதிவேட்டில் அச்சின் பெயரே காணப்படாது. புதிய முறையில் அச்சின் உயிர் வரைபடக் கோப்பிலேதான் இருக்கிறது. கோப்பு எவர் கையிலோ, அச்சும் அவர் கையில். ஆகவே வரைபடத்திற்குப் பணம் கொடுக்கும்போதே அது சங்கத்தின் சொத்து என ஒப்பந்தத்தில் எழுதி வாங்குதல் வேண்டும். தீர்மானப் புத்தகத்தைப் பாதுகாப்பதுபோல் அதையும் பாதுகாத்தல் வேண்டும். இயந்திரம் இன்று வாங்கினால் சில ஆண்டுகளில் பழையதாகும். கோப்பு நம்மிடம் இருந்தால் எந்த இயந்திரத்திலும் அச்சடிக்கலாம்.

ஆட்சேபங்களும் விடையும்

இதனால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் அச்சுப் பட்டறைத் தொழிலாளர் வேலை இழப்பரே என்று சிலர் கவலையுறலாம். 1960களில் உருவான அப்பேட்டையில் எஃகில் அச்சு வெட்டும் கைத்திறன் தலைமுறையாக வளர்ந்தது. பெருந்தொகையாகச் செய்வதற்கு எஃகு அச்சு இன்றும் வேண்டும். மாதிரி செய்ய வழியின்றி இதுவரை அச்சே கேளாதிருந்த சிறு சங்கங்கள், மாதிரி வெற்றி பெற்றால் அப்பட்டறைகளையே நாடி வரும். இழப்பு சிறிதும் இராது என்று கூற மாட்டோம்; ஆனால் ஒதுங்கி நிற்பதால் அது தடுக்கப்படாது. அம்பத்தூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திலும் ஆவடி முருகப்பா பாலிடெக்னிக்கிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இவ்வேலையைப் பழக்குவதே தக்க பரிகாரம்.

“சிறு இயந்திரம் சில பதினாயிரம் ரூபாய்தானே, ஒவ்வொரு சங்கமும் வாங்கினால் என்ன?” என்பது மற்றொரு கேள்வி. இயந்திரத்தைவிட அதை ஓட்டத் தெரிந்தவரே அரிது. ஓட்ட ஆளின்றித் தூசி படியும் இயந்திரத்திற்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதியாக வேண்டும். அந்த நஷ்டம் அங்கத்தினர் பங்கு ஈவிலிருந்துதான் போகும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, எந்தச் சங்கமும் இவ்வாண்டு இயந்திரம் வாங்க வேண்டா. அச்சடித்துத் தரும் பட்டறைகளில் கூலி கொடுத்து இரண்டு மூன்று மாதிரி அச்சுகளைச் செய்துபார்க்கட்டும். இரண்டாவது, மாதிரிச் சிப்பத்தைப் பண்டத்தோடு உண்மையான லாரியில், உண்மையான வெயிலில் அனுப்பிச் சேதத்தை எண்ணிக் குறிக்கட்டும். ஐயம் எழுந்தால் 1968இல் தொடங்கிய கிண்டி சிப்பெட் நிறுவனமும், 1966இல் அமைந்த இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்தின் சென்னைக் கிளையும் இருக்கின்றன. மூன்றாவது, ஓராண்டுக் கணக்கைப் பொதுக்குழு முன் வைத்து, வேலை போதிய அளவு உண்டெனத் தெரிந்தால், நெசவாளர் சங்கங்களும் விவசாயச் சங்கங்களும் கூடி ஒரே ஒரு நல்ல இயந்திரத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ளட்டும். ஒருவர்க்குப் பருவம் ஓய்ந்த காலத்தில் மற்றவர்க்கு வேலை இருக்குமாதலால் இயந்திரம் சும்மா கிடவாது.

1904ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றியபோது, தனி ஒருவனுக்கு எட்டாத கடன் பலர் கூடியதால் எட்டியது. இன்று எட்டாதிருப்பது அச்சுச் செலவு. வழி அன்று கண்ட வழியேதான். வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுந்து, “நம் சிப்பத்தின் அச்சு யாரிடம் இருக்கிறது?” என்று கேட்பார்களாக. நிர்வாகக் குழு அதற்குத் தரும் விடையிலிருந்தே மற்றவை தொடங்க வேண்டும்.